சென்னையைச் சுற்றி இயற்கையைப் பார்க்க: மழைத் தண்ணீரின் பின்னால் ஒரு வருஷம்

சென்னையில் மலை இல்லை, அருவி இல்லை, அடர்ந்த காடு இல்லை, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அதிகம். மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ பெட்டி கட்டிவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த ஊர் தட்டையான நிலத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை நேராகக் கடலுக்கு ஓடிவிடுவதில்லை. ஏரியில் தங்கி, சதுப்பில் தங்கி, கழியில் தங்கித்தான் போய்ச் சேருகிறது. அது தங்கும் இடத்திலெல்லாம் உயிர் கூடுகிறது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடிப் போனால் ஒரு வருஷத்துக்குப் பார்க்க இங்கேயே நிறைய இருக்கிறது.

முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக, எளிதில் போகக்கூடிய இடத்திலிருந்து தொடங்கி இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: இடத்துக்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நல்ல இடத்துக்குத் தவறான மாதத்தில் போய், ஒன்றுமே இல்லை என்று திரும்பி வருவதுதான் புதிதாகப் போகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது. வேடந்தாங்கலுக்கு மே மாதம் போனால் காய்ந்த ஏரியைத்தான் பார்ப்பீர்கள்.

அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து வலசை வரும் சிறு பறவைகள் நகரத்து மரங்களில் இறங்கும். அப்போது கிண்டி, அடையாறு பக்கம் போகலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரிகளும் சதுப்பும் உப்பங்கழியும் நிறைந்திருக்கும் காலம். வருஷத்தின் உச்சம் அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கடற்கரையில் ஆமைகள். ஏப்ரலுக்குப் பிறகு காலை எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவது போலத் திட்டமிடுங்கள். கத்திரி வெயிலில் வெட்டவெளி நடை வேண்டவே வேண்டாம்.

எந்த மாதமானாலும் விடியும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிடைப்பதில் பாதிகூடப் பத்து மணிக்குக் கிடைக்காது.

படி 2: கையில் என்ன வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. சென்னைப் புதர்க்காட்டில் சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருந்தால் நல்லது. சிவப்பும் வெள்ளையும் தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் பைனாகுலர். கடையில் 8×42 என்று கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று அர்த்தம். 10, 12 மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், கழுத்தும் வலிக்கும். கேமரா பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் வருஷம் கண்ணால் பார்த்துப் பழகுவதுதான் முக்கியம்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்குமே இந்தப் பகுதியில் உண்டு. தரை தெரியாத புல்லில் கால் வைக்காதீர்கள், கல் இடுக்கில் கை விடாதீர்கள். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடிக்கப் போய் நேரத்தை இழக்க வேண்டாம். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. இந்த நிலத்தை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

படி 3: முதல் நடை, நகரத்துக்குள்ளேயே

முதல் நாளே எண்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கிண்டியில் தொடங்குங்கள். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. உள்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதை ஒட்டிய சிறுவர் பூங்கா எல்லோருக்கும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இங்கே பார்க்க வேண்டியது காட்டின் வகையை. மலைக்காடு போல உயரமான மரங்கள் இல்லை. பாலை, வீரை, களா, சூரை, காரை என்று குட்டையும் முள்ளுமான மரங்கள், புதர்கள். சோழமண்டலக் கரை முழுக்க ஒருகாலத்தில் இருந்த காடு இது. இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, பல இடங்களில் கோயில்காடாக. புள்ளிமானும் வெளிமானும் இந்தத் துண்டில்தான் பிழைத்திருக்கின்றன.

அக்டோபரில் போனால் ஆறுமணிக்குருவியைத் தேடுங்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து இரவுகளில் பறந்து வரும் சிறு பறவை. விடியற்காலையும் அந்தி சாயும்போதும் ‘வீட்-ட்யூ’ என்று இரண்டு சீழ்க்கை அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். களைத்துப்போய் வீட்டுக் கொல்லைகளிலும் அடுக்குமாடி வராந்தாக்களிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. எங்கள் தெருவில் அப்படி ஒன்று வாழையடியில் உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், வயிறு சாந்து நிறம், வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்ன வால். அப்படிக் கண்டால் ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டு, இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் வைத்திருந்து, சாயங்காலம் புதர் ஓரமாகத் திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நேரம் இருந்தால் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், திறக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு. அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இப்போது மரமாக நிற்கின்றன.

படி 4: பள்ளிக்கரணை, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம்

எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பறக்கும் ரயிலில் வேளச்சேரி போய், அங்கிருந்து துரைப்பாக்கம் போகும் இருநூறு அடிச் சாலையில் போனால் சதுப்பை ஒட்டி வனத்துறையின் சூழல் பூங்கா, நடைபாதையுடன் இருக்கிறது. கார்கூட வேண்டியதில்லை.

இந்தச் சதுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறிவிடும். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் எல்லாம் இங்கே வந்து சேருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழியில் கடலைத் தொடுகிறது. மழைத் தண்ணீரை வாங்கி நிறுத்தி மெல்ல விடும் ஒரு பெரிய பஞ்சு. அந்தப் பஞ்சின் மேல் சாலை போட்டோம், அலுவலகம் கட்டினோம், பெருங்குடியில் குப்பையைக் கொட்டி மலையாக்கினோம். 2015 டிசம்பரில் தென்சென்னை மூழ்கியபோது தண்ணீர் வந்து நின்ற இடங்கள் பலவும் பழைய நீர்நிலைதான். 2007இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடானது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,248 ஹெக்டேர். மிஞ்சியது இவ்வளவாவது இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நடைபாதையில் வேகமாக ஒரு சுற்று வந்துவிட்டுக் கிளம்பாதீர்கள். தாமரையோ அல்லியோ படர்ந்த ஓர் இடத்தைப் பார்த்து நில்லுங்கள், குறைந்தது ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிஷம் பச்சைதான் தெரியும். அப்புறம் அந்தப் பச்சைக்குள் ஒன்று நகரும். நீளவால் இலைக்கோழி, இலை மேலேயே நடந்து போகும். விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவிவிடுவதால் இலை முங்குவதில்லை. பக்கத்தில் நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி. ஊதாவும் நீலமுமாக உடம்பு, சிவப்பு அலகு, நெற்றியில் சிவப்புக் கேடயம். ஒரு தண்டைப் பிடுங்கி, நாம் கரும்பைப் பிடிப்பது போல ஒரு காலால் பிடித்துக்கொண்டு, அலகால் உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்னும். பைனாகுலரில் அந்தத் தண்டு கிழிவது வரை தெரியும். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும், அது திரும்பிக்கூடப் பார்க்காது.

டிசம்பர் முதல் கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா, வாத்து வகைகள் என்று கூட்டம் சேரும். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது பூநாரைகளும் வரும். சேறு தெரியும் ஆழம்தான் அவற்றுக்கு வசதி. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் இருக்கும் உப்பங்கழியிலும் அதே பருவத்தில் பூநாரை கிடைக்கும். சாலை குறுகல், வண்டியை நன்றாக ஓரம் கட்டிவிட்டு இறங்குங்கள்.

படி 5: ஒரு சாயங்காலம் பரங்கிமலைக்கு

இது பாறைக்கான நடை. படியேறிப் போகலாம், உயரம் சுமார் 300 அடிதான். ஏறும்போது வெளியே தெரியும் கருநீலம் கலந்த சாம்பல் பாறையைத் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் இந்தப் பகுதியிலிருந்து போனது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

பக்கத்துப் பல்லாவரத்தில் 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. மேலே நின்று பார்த்தால் விமான ஓடுபாதையும் வீடுகளும் தெரியும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் இடையிடையே ஏரிகள் மின்னுவதும் தெரியும். மலையுச்சியில் பழமையான தேவாலயம் இருப்பதால் வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்யாமல் சுற்றிவிட்டு வாருங்கள்.

படி 6: பங்குனி ஆமையின் பின்னால் ஓர் இரவு

ஜனவரியிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைக்கு மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. இதைத் தனியாகப் போய்த் தேடாதீர்கள். 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பொதுமக்களையும் பருவத்தில் சில வார இறுதிகளில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

நள்ளிரவை ஒட்டித் தொடங்கும், விடியும் வரை இழுக்கும், மணலில் சுமார் 7 கிலோமீட்டர். மத்தியானமே கொஞ்சம் தூங்கிக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சம், செல்போன் வெளிச்சம் இரண்டும் கூடாது. குஞ்சு பொரிந்ததும் கடலை வெளிச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். இயற்கையான இரவில் கடல்பக்கம்தான் வெளுப்பு. நம் ஊரில் தெருவிளக்குப் பக்கம் வெளுப்பாக இருப்பதால் சாலையை நோக்கி நடந்து செத்துப்போகும். முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. சுமார் ஒன்றரை மாதத்தில் பொரிக்கும்.

முதலில் தெரிவது தடம்தான். கடலிலிருந்து மேலே ஏறி வந்து, டிராக்டர் டயர் போன மாதிரி மணலில் பள்ளம் பள்ளமாக இருக்கும். தடத்தைப் பார்த்ததும் கூட வருபவர்கள் கையைக் காட்டுவார்கள், எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். நான் நான்காவது முறை போனபோதுதான் ஆமையையே பார்த்தேன். பின்துடுப்பால் ஒரு கை மண்ணை அள்ளி, அலுங்காமல் வெளியே எடுத்துப் பக்கத்தில் போட்டது. அடுத்து மறு துடுப்பு. தன் கண்ணால் ஒருபோதும் பார்க்காத குழியை அது குடம் போல வடிவாகத் தோண்டியது. முட்டையிட்டு முடித்ததும் மண்ணை மூடி, உடம்பை இடதும் வலதுமாகச் சாய்த்துத் தொம் தொம் என்று அடித்து இறுக்கியது. அந்தச் சத்தம் காலுக்கடியில் மணலில் தெரிந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும்.

செத்த ஆமையும் வழியில் கிடக்கும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூச்சுக்கு மேலே வரும் பிராணி அது; இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அதைப் பார்த்த குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.

படி 7: வேடந்தாங்கலுக்கு மத்தியானம் கிளம்புங்கள்

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள். விடியற்காலையில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவும் ஒரு விலக்கு. மூன்று மணிக்கு உள்ளே போய் அடையும் நேரம் வரை இருங்கள். இரை தேடப் போன பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்பி வந்து, ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இடம் பிடிக்கச் சண்டை போடும் நேரம் அது.

கரை மேலேயே நடைபாதை, நடுவில் கண்காணிப்புக் கோபுரம். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரையை மட்டும் நெருங்கிப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், மறுபக்க வானம் தெரியும். வயல்களில் கிடைக்கும் நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பதற்கேற்ற அலகு அது.

ஏரி வெறும் 30 ஹெக்டேர். இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை பறவைகள் பயமில்லாமல் இருப்பதற்குக் காரணம் ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் போனால் தனியாக உரம் போட்டது மாதிரி. அதைப் பல தலைமுறைக்கு முன்பே கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் நின்று நாம் பாட்டுப் போடுவதும் கூச்சல் போடுவதும் சரியில்லை.

கிளம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரியுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் பறவை வராது. கூட்டம் பிடிக்காது என்றால் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் கரிக்கிலிக்குப் போகலாம். வாத்தும் உள்ளானும் அங்கேதான் அதிகம். இரண்டுமே 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

படி 8: பழவேற்காடு, ஒரு முழு நாள்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் அளவு மாதத்துக்கு மாதம் மாறுவதால் இறாலும் நண்டும் மீனும் இங்கே பெருகுகின்றன. அதை நம்பித்தான் மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. ஏரி ஓரத்தில் ஆழமில்லாத இடங்களில் நின்று தேடினால் தூரத்தில் பூநாரை ஒரு வெளிர்சிவப்புக் கோடாகத் தெரியும். அருகில் போக ஆசைப்படாதீர்கள், மொத்தமும் எழும்பிவிடும்.

2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். யாராவது மீன்பிடிப் படகில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கரையிலேயே போதுமான அளவு பார்க்கலாம். மீன் ஏலம் நடக்கும் காலை நேரத்தில் இறங்குதுறைப் பக்கம் நின்றால் ஏரியின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் டச்சுக் கல்லறைக்குப் போங்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம்.

அருவி வேண்டும் என்பவர்கள் ஆந்திர எல்லையில் தடா, நாகலாபுரம் பக்கம் போகிறார்கள். அழகான இடங்கள்தான். ஆனால் பாறைக் குளங்களில் மூழ்கிப் பலர் இறந்திருக்கிறார்கள். வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவு என்று தோன்றும், இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் சேர்த்தி.

படி 9: குறிப்பேடு

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், இடம், தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, எந்த மரம் பூத்திருந்தது, எந்தப் பறவை எத்தனை. பெயர் தெரியவில்லை என்றால் அலகின் நீளம், காலின் நிறம், நடந்த விதம் மூன்றையும் குறித்து வைத்தால் பிறகு கண்டுபிடித்துவிடலாம். பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் (eBird) செயலியில் பதிந்தால் ஆராய்ச்சியாளர்களுக்கும் உதவும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். கால் மணி நேரம் மொட்டைமாடியில் நின்று எண்ணினாலே போதும்.

அப்புறம், எல்லா இடத்தையும் ஒரே குளிர்காலத்தில் முடித்துவிட அவசரப்படாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை போங்கள். என் பழைய நோட்டில் பள்ளிக்கரணைக்கு நவம்பரில் எழுதியது: ‘தண்ணீர் நடைபாதைக்கு ஒரு முழம் கீழே. இலைக்கோழி 6, வால் நீளமாக இல்லை.’ மே மாதத்தில்: ‘சேறு வெடித்திருக்கிறது. இலைக்கோழி 2, வால் வளர்ந்துவிட்டது.’ இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த நீள வால் முளைக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது இந்த இரண்டு வரிகளிலிருந்துதான்.